மவுஸ் பிடிக்கும் கையும் மண் பிடிக்கும் கையும்

கொலுவுக்குப் பல மாதங்கள் இருக்கும்போதே விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை வேலை ஆரம்பமாகிவிடும். நவராத்திரி முடிந்தால் கார்த்திகை அகல் விளக்கு. நடுவில் டீ கப், ஜாடி, மின்சார வேலைக்கான பீங்கான் ஃபியூஸ் கட்டை. செராமிக் டிப்ளமோ சொல்லித்தரும் அரசுப் பயிலகமும் இந்த ஊரில்தான் இருக்கிறது.

ஆனால் இந்த வாரம் நாம் பேசப்போவது பொம்மையைப் பற்றி இல்லை. கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்களுக்கு வரும் மணிக்கட்டு வலி, முழங்கை வலி பற்றி. அதற்கு எதற்கு விருத்தாசலம் என்கிறீர்களா? ஒரு பொம்மை எப்படி உருவாகிறது என்று பார்த்துவிட்டால் விஷயம் பாதி புரிந்துவிடும்.

களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அதன் உள்பக்கச் சுவரை ஒட்டிக் கூழ் கெட்டிப்பட்டுக்கொண்டே வரும். வேண்டிய கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிட வேண்டும். அப்புறம் காத்திருப்பு. அவசரப்பட்டு அச்சைப் பிரித்தால் பிள்ளையாருக்குத் தும்பிக்கை அச்சோடு போய்விடும். பிரித்த பிறகு, அச்சு சேர்ந்த இடத்தில் நிற்கும் வரம்பைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, காயவைக்க வேண்டும். மறுபடி காத்திருப்பு. பிறகு சூளை. சூளை ஆற வேண்டும். அதற்கும் காத்திருப்பு.

கைக்குக் கடுமையான வேலைதான், சந்தேகமே இல்லை. ஒவ்வொரு பொம்மையிலும் சுரண்டுவது, துடைப்பது, கண்ணும் மீசையும் எழுதுவது எல்லாமே மணிக்கட்டின் வேலை. பிரஷ்ஷை இரண்டு விரலுக்கு நடுவே இறுக்கிப் பிடித்தபடி மணிக்கணக்கில் வண்ணம் தீட்டுகிறவர்களுக்கும் கை வலிக்கவே செய்யும். ஆனாலும் மண் நடுநடுவே "பொறு" என்று சொல்லிவிடுகிறது. வேலை மாறுகிறது, கை மாறுகிறது, எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது.

கம்ப்யூட்டரில் அந்தப் "பொறு" இல்லை. எக்செல் ஷீட் காய வேண்டியதில்லை. ஒரு விண்ணப்பத்தை அனுப்பிய அடுத்த நொடி அடுத்த விண்ணப்பம். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவைக் கவனித்துப் பாருங்கள். ரேஷன் கார்டு, வருமானச் சான்றிதழ், பட்டா என்று வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். வலது கை மவுஸை விட்டு எழவே எழாது. பில் போடும் அண்ணன், டி.டி.பி. கடையில் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர், வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி செய்யும் பெண்கள், தினமும் பல ஆயிரம் எழுத்து தட்டும் என்னைப் போன்ற டெஸ்க் ஆட்கள், எல்லோருக்கும் இதே கதைதான்.

டைப்ரைட்டரில்கூட இந்த ஓய்வு இருந்தது. வரி முடிந்தால் லிவரைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி, கார்பன் வைத்து, புதுத் தாள் சொருக வேண்டும். நம் ஊர்த் தட்டச்சுப் பயிலகங்களில் முதல் நாள் சொல்லித்தரும் பாடமும் எழுத்து இல்லை, உட்காரும் விதம்தான். முதுகு நேராக, முழங்கை உடம்பை ஒட்டி, மணிக்கட்டு மெஷினில் படாமல். குரூப் 4 கனவோடு லோயர், ஹையர் பாஸ் செய்த எவரையும் கேளுங்கள், மணிக்கட்டைச் சாய்த்து வைத்ததற்குத் திட்டு வாங்கியிருப்பார்கள். அதே ஆட்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அத்தனையையும் மறந்துவிடுகிறார்கள். கீபோர்டு மெத்தென்று இருக்கிறது, விரல் பட்டாலே எழுத்து விழுகிறது. இதில் என்ன வலிக்கப்போகிறது என்ற நினைப்பு.

இந்த நினைப்பு தவறு என்று 300 வருடங்களுக்கு முன்பே ஒரு மருத்துவர் எழுதிவிட்டார். இத்தாலியின் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. தொழில் சார்ந்த நோய்கள் பற்றி 1700இல் ஒரு புத்தகம் போட்டார். அதில் மண்பாண்டம் செய்பவர்களின் உடல்நலக் கோளாறுகள் பற்றி ஒரு பகுதி உண்டு. 1713இல் விரிவாக்கி வெளியிட்டபோது, கணக்குப்பிள்ளைகள், எழுத்தர்களையும் சேர்த்தார். ஓயாமல் உட்கார்ந்தே இருப்பது, கை ஒரே மாதிரி அசைந்துகொண்டே இருப்பது, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மனப் பதற்றம், இந்த மூன்றும்தான் எழுத்தர்களைக் கெடுக்கிறது என்பது அவர் முடிவு. அவருக்குத் தெரிந்த எழுத்தர் ஒருவருக்கு வலது கை செயலிழந்துபோக, இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டாராம். கொஞ்ச காலத்தில் இடது கையும் அதே மாதிரி ஆகிவிட்டது. பேனா வெறும் இறகுதான். எடையே கிடையாது. எடை குறைவாக இருப்பதால் கை தப்பிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

எல்லாமே "நரம்பு" இல்லை

நம் ஊரில் கையில் எது வலித்தாலும் "நரம்பு பிசகிடுச்சு", "நரம்பு இழுத்துக்கிச்சு" என்போம். உள்ளே இருப்பது வேறு வேறு சாமான்கள். விரலை அசைக்கும் பெரும்பாலான தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண்கள் கிளம்பி, மணிக்கட்டு வழியாக விரல் நுனி வரை போகின்றன. பொம்மலாட்டக்காரர் மேலே நூலை இழுக்க, கீழே பொம்மை ஆடுவது போல. நரம்பு என்பது தனி. அது உணர்ச்சியையும் கட்டளையையும் கொண்டுபோகும் ஒயர்.

மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கம் ஒரு குறுகலான சுரங்கம் இருக்கிறது. அடியில் எலும்பு, மேலே கெட்டியான பட்டை. அதற்குள்ளே 9 தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. திருவிழாக் கூட்டத்தில் குறுகிய சந்தில் மாட்டிய சைக்கிள்காரர் நிலைமைதான் அந்த நரம்புக்கு. மணிக்கட்டை மேலேயோ கீழேயோ மடக்கி வைத்தால் சந்து இன்னும் இறுகும். தசைநாண்களின் உறை வீங்கினாலும் இறுகும். நசுங்குவது நரம்பு. அதனால்தான் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி வரை மரத்துப்போகிறது. ராத்திரி தூக்கத்தில் கை எரிந்து விழிப்பு வரும், எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் கொஞ்சம் சுகமாக இருக்கும். இதுதான் கார்ப்பல் டனல். சுண்டு விரல் மட்டும் தப்பித்திருந்தால் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும்.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தால்? அது வேறு நரம்பு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் கரன்ட் அடித்தது போல சுரீரென்று ஓடுமே, அதே நரம்பு. மேசையின் விளிம்பிலோ நாற்காலிக் கைப்பிடியிலோ முழங்கையை ஊன்றியே உட்காருபவர்களுக்கும், போனைக் காதில் வைத்து மணிக்கணக்கில் பேசுபவர்களுக்கும், கையை மடக்கித் தலைக்குக் கொடுத்துத் தூங்குபவர்களுக்கும் இது வரலாம். ராத்திரியில் முழங்கையைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டால் கை முழுசாக மடங்காது. செலவில்லாத வைத்தியம்.

முழங்கையின் வெளிப்பக்க எலும்பில், தொட்டாலே உயிர் போகும் வலிக்குப் பெயர் டென்னிஸ் எல்போ. 2004இல் சச்சினை ஆட்டத்திலிருந்து உட்காரவைத்ததே, அதேதான். 2005இல் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார். அவர் ஆடியது டென்னிஸ் இல்லை. உங்களுக்கு வரவும் டென்னிஸ் ஆட வேண்டியதில்லை. மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கும் தசைகளில் பெரும்பாலானவை முழங்கையின் அந்த ஒரே இடத்தில்தான் போய் ஒட்டுகின்றன. மவுஸ் மேல் கை வைத்து, கிளிக் செய்வதற்காக விரலைச் சற்றே தூக்கியபடி ஒரு மணி நேரம் இருந்தால், அந்தத் தசைகள் ஒரு மணி நேரமும் இழுத்துப் பிடித்தே நிற்கின்றன. துணி பிழியும்போது, குக்கர் தூக்கும்போது, கதவுக் கைப்பிடியைத் திருப்பும்போது வலி குத்தும். எனவே பலரும் பழியைக் குக்கர் மேல் போட்டுவிடுகிறார்கள்.

கட்டை விரல் அடிப்பக்கம், மணிக்கட்டின் ஓரத்தில் வலித்தால் அதற்கு டி குவெர்வெய்ன் என்று பெயர். 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து மருத்துவரின் பெயர். ஒரு கையில் போனைப் பிடித்து அதே கைக் கட்டை விரலால் ரீல்ஸ் தள்ளுபவர்கள் கவனிக்க. பிறந்த குழந்தை இருக்கும் வீட்டு அம்மாக்களும் கவனிக்க. குழந்தையின் அக்குளில் கட்டை விரலை விரித்துக் கொடுத்துத் தூக்கும் பழக்கம் இதைக் கிளப்பிவிடும். உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, வாரி எடுப்பது போலத் தூக்கினால் கட்டை விரலுக்குப் பாரம் இல்லை.

எல்லாப் பழியும் கம்ப்யூட்டருக்குத்தானா? இல்லை. குறிப்பாகக் கார்ப்பல் டனல் விஷயத்தில் கீபோர்டு ஒன்றே காரணம் என்று ஆய்வுகள் உறுதியாகச் சொல்வதில்லை. சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பகாலம், உடல் பருமன், வாதம் இவையெல்லாம் வழி வகுத்துக் கொடுக்கின்றன. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. எனவே இரண்டு கையும் மரத்துப்போனால் கீபோர்டை மாற்றுவதற்கு முன்னால் சர்க்கரையையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள்.

கணக்கில் வராத வலி

செராமிக் ஊரில் தூசு ஆபத்து என்பது தெரிந்த விஷயம். சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ், 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தது. அதே அட்டவணையில் மணிக்கட்டோ முழங்கையோ இடம்பெறவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்தி வெளியிட்ட தொழில்சார் நோய்ப் பட்டியலில், நான் மேலே சொன்ன கட்டை விரல் ஓர வலி, முழங்கை எலும்பு வலி, கார்ப்பல் டனல் மூன்றுமே இருக்கின்றன. உலகம் ஒத்துக்கொண்டுவிட்டது.

ஆஸ்திரேலியாவில் 1980களில் இது நாடு தழுவிய பிரச்னையாகவே வெடித்தது. டெலிகாம் நிறுவனத்திலும் அரசு அலுவலகங்களிலும் கீபோர்டு முன் உட்கார்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் கைவலி என்று புகார் கொடுத்தார்கள். இது உடம்பு நோயா, மன அழுத்தமா என்று மருத்துவர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். சண்டை எப்படி முடிந்ததோ, மேசையின் உயரம், இடைவேளை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தட்டலாம் என்பதெல்லாம் நிர்வாகம் யோசிக்க வேண்டிய விஷயமானது. ராமஸ்ஸினி சொன்ன மூன்றாவது காரணம் நினைவிருக்கிறதா, மனப் பதற்றம்? அதையும் தள்ளிவிட முடியாது. டெட்லைன் நெருங்கும்போது நம்மை அறியாமலேயே கீயை ஓங்கிக் குத்துகிறோம், தோளைக் காது வரை தூக்குகிறோம், மவுஸை நெரிக்கிறோம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. பக்கத்துக்கு இவ்வளவு, என்ட்ரிக்கு இவ்வளவு, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் கைகளுக்கு ஓய்வு என்றால் வருமானம் போகிறது. "வலிச்சா லீவு எடுங்க" என்று இவர்களிடம் சொல்வது அர்த்தமில்லாத அறிவுரை. வலி தாங்கிக்கொண்டே ஓட்டி, பேனா பிடிக்க முடியாத கட்டத்தில் டாக்டரிடம் போகிறார்கள். அப்போது மாதக்கணக்கில் வேலை போய்விடுகிறது. ஆகவே காசு செலவில்லாமல், வேலையை நிறுத்தாமல் என்ன செய்யலாம் என்றுதான் பார்க்க வேண்டும்.

மேசையில் என்ன மாற்றலாம்?

முதலில் உங்கள் கீபோர்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும். வாங்கிய அன்றே அதை நிமிர்த்தி வைத்திருப்பீர்கள். அப்படித்தான் வைக்க வேண்டும் என்று நினைத்துத்தான் எல்லோரும் வைக்கிறோம். அதை மடக்கிவிடுங்கள். கால் நிமிர்ந்திருந்தால் கீபோர்டின் பின்பக்கம் உயர்ந்து, மணிக்கட்டு மேல்நோக்கி மடங்குகிறது. கீபோர்டு தட்டையாக இருந்தால் மணிக்கட்டும் நேராக இருக்கும். முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் வர வேண்டும், அதுதான் கணக்கு. ஸ்கேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது உயரம். நம் வீடுகளில் சாப்பாட்டு மேசையும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான் ஆபீஸ். மேசை உயரம், நாற்காலி தாழ்வு. கை மேல்நோக்கிப் போக, தோள் தூக்க, மேசை விளிம்பு மணிக்கட்டை அறுக்கும். ஜமக்காளத்தையோ தலையணையையோ மடித்துப் போட்டு உட்கார்ந்து, முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி செய்யுங்கள். கால் தரையில் எட்டவில்லையா? பழைய புத்தகக் கட்டு ஒன்றைக் காலடியில் வையுங்கள். மேசை விளிம்பு கூர்மையாக இருந்தால் துண்டை மடித்துப் போடுங்கள். கடையில் விற்கும் மணிக்கட்டு மெத்தை, தட்டாமல் இருக்கும் நேரத்தில் கையை வைக்கத்தான். தட்டிக்கொண்டே அதில் அழுத்தினால் நான் சொன்ன அந்தச் சுரங்கத்தின் மேலேயே அழுத்துகிறீர்கள்.

மவுஸ் பக்கத்தில் இருக்க வேண்டும். கீபோர்டின் வலது ஓரத்தில் எண்கள் மட்டும் தனியாக இருக்கும் பகுதி, மவுஸைத் தூரமாகத் தள்ளிவிடுகிறது. பில் போடுபவர்களுக்கு அது தேவை. மற்றவர்களுக்கு அந்தப் பகுதி இல்லாத சின்னக் கீபோர்டு நல்லது. மவுஸை மணிக்கட்டால் ஆட்டாமல் முழங்கையிலிருந்து மொத்தக் கையையும் நகர்த்துங்கள். செட்டிங்ஸில் பாயின்டர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் கை ஓடும் தூரம் குறையும். கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி தாண்டி இன்னும் 10 ஷார்ட்கட்டாவது பழகிக்கொள்ளுங்கள். முடிந்தால் மவுஸை இடது கைக்கும் மாற்றிப் பழகலாம். நாள் முழுதும் மாற்றிவிடாதீர்கள், ராமஸ்ஸினியின் எழுத்தர் கதை ஆகிவிடும். நாளைக்கு ஒரு மணி நேரம் போதும்.

லேப்டாப்பை மடியில் வைத்து, கட்டிலில் சாய்ந்துகொண்டு செய்யும் வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அப்படிச் செய்யாதீர்கள். தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் தட்டுபவர் என்றால், லேப்டாப்பைப் புத்தக அடுக்கு மேல் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தனியாக ஒரு யூ.எஸ்.பி. கீபோர்டும் மவுஸும் போட்டுக்கொள்ளுங்கள். உயர்ரக மாடல் எதுவும் வேண்டாம், சாதாரணமானதே போதும்.

தமிழில் தட்டுபவர்களுக்கு ஒரு தனி விஷயம். இங்கிலீஷ் எழுத்தில் தட்டித் தமிழ் வரவைக்கும் முறையில் "தமிழ்" என்று எழுத 6, 7 தட்டு ஆகும். 1999இல் தமிழக அரசு அறிவித்த தமிழ் 99 விசைப்பலகையில் 5 தட்டு. "அம்மா" என்றால் 5க்குப் பதில் 4. ம வை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைப் பக்கம் என்று அமைத்திருப்பதால் இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்கின்றன. ஒரு வார்த்தைக்கு ஒரு தட்டு மிச்சம் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். நாளைக்கு 3,000 வார்த்தை அடிப்பவருக்கு 3,000 தட்டு குறைகிறது. முதல் 2, 3 வாரம் எரிச்சலாக இருக்கும், வேகம் குறையும். அப்புறம் பழைய முறைக்குத் திரும்ப மனசு வராது. போனில் நீண்ட மெசேஜ் அனுப்புபவர்கள் மைக் பொத்தானைத் தொட்டுத் தமிழிலேயே பேசிவிடலாம். சந்திப் பிழை வரும், அத்தைக்கு அனுப்பும் மெசேஜில் அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

இனி, மண் கொடுத்த அந்தப் "பொறு". அதை நாமேதான் வேலைக்குள் செருக வேண்டும். 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை அரை நிமிடம் கையை எடுத்து மடியில் போடுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். மேசையில் பெரிய தண்ணீர் பாட்டிலுக்குப் பதிலாகச் சின்ன டம்ளர் வைத்துக்கொண்டால் எழுந்துதான் ஆக வேண்டும். இ-சேவை மையத்தில் பிரின்டர் ஓடும் நேரம், சர்வர் சுற்றும் நேரம் எல்லாம் கைக்கு வரும். சர்வர் சுற்றும்போது மவுஸைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கிளிக் செய்வதால் அது சீக்கிரம் வரப்போவதில்லை.

வந்துவிட்ட வலிக்கு

வலிக்கும் கையை ஒரேயடியாகக் கட்டிப்போடவும் வேண்டாம், வலியோடு முட்டவும் வேண்டாம். எந்த அசைவில் வலிக்கிறதோ அதைக் குறைத்து, மற்றபடி கையை இயல்பாகப் பயன்படுத்துங்கள். புதிதாக வந்த வலிக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வைக்கலாம். இறுக்கம் மட்டும் இருந்தால் வெந்நீர் ஒத்தடம். எது சுகமாக இருக்கிறதோ அது.

டென்னிஸ் எல்போவுக்கு ஒரு பயிற்சி. முன்கையை மேசையில் வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும், உள்ளங்கை கீழ்நோக்கி. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். மற்றக் கையின் உதவியோடு மணிக்கட்டை மேலே தூக்கி, பிறகு உதவியை எடுத்துவிட்டு, மெதுவாக 5 எண்ணுவதற்குள் கீழே இறக்குங்கள். 10 முதல் 15 முறை, நாளைக்கு ஒரு தடவை. ஆரம்பத்தில் பாட்டிலில் பாதித் தண்ணீர் போதும். லேசான வலி பரவாயில்லை, குத்தும் வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். பலன் தெரிய 6 வாரமாவது ஆகும். முடித்ததும் கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையைக் கீழே திருப்பி, மற்றக் கையால் புறங்கையை மெதுவாக மடக்கி 20 விநாடி வைத்திருங்கள்.

ஊசி போட்டால் ஒரே நாளில் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 198 டென்னிஸ் எல்போ நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் 6 வாரத்தில் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசி போட்டவர்கள்தான் பின்தங்கியிருந்தார்கள். முதலில் குணமானவர்களில் பெரும்பாலோருக்கு வலி திரும்பியிருந்தது. பிசியோதெரபி செய்தவர்களும், ஒன்றுமே செய்யாமல் கையைப் பார்த்துப் பயன்படுத்தியவர்களும் அநேகமாகச் சரியாகியிருந்தார்கள். மகள் கல்யாணம் அடுத்த வாரம், கை தூக்கியே ஆக வேண்டும் என்றால் டாக்டரோடு பேசி முடிவெடுங்கள். மற்றபடி பொறுமைக்கே இங்கே பலன் அதிகம்.

கார்ப்பல் டனலுக்கு ராத்திரி மட்டும் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போட்டுத் தூங்குவது நல்ல முதல் சிகிச்சை. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். இறுக்கிக் கட்டக் கூடாது. தைலம் தடவி இதமாகத் தேய்ப்பதில் தவறில்லை. ஆனால் விரல் மரத்துப்போகும் கையைச் "சுளுக்கு எடுக்கிறேன்" என்று முறுக்கவோ சொடுக்கவோ யாரையும் விடாதீர்கள். ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கும் நரம்பு அது. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு அதே வேகத்தில் தட்டுவதும் அப்படித்தான், எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு வண்டி ஓட்டுகிற கதை.

எப்போது தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும்? டம்ளரும் சாவியும் கையிலிருந்து நழுவினால், சட்டைப் பட்டன் போட முடியாவிட்டால், மரத்துப்போவது பகலிலும் விடாமல் இருந்தால், கட்டை விரலுக்குக் கீழே உள்ளங்கையின் மேடு வற்றிப் பள்ளமானால். மேடு வற்றிய பிறகு சிகிச்சை செய்தாலும் முழுப் பலம் திரும்பாமல் போகலாம். கழுத்திலிருந்து வலி கிளம்பிக் கை வரை இறங்கினால் பிரச்னை கழுத்தில் இருக்கக்கூடும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு முட்டல் இருந்தால் மவுஸைக் குற்றம் சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள், உடனே 108.

டாக்டரிடம் போகும்போது "கை வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல், எந்த விரல் மரக்கிறது, ராத்திரி எழுப்புகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தட்டுகிறீர்கள், வீட்டில் துணி துவைப்பது யார் என்பது வரை சொல்லுங்கள். நீங்கள் உட்காரும் விதத்தைப் பக்கவாட்டிலிருந்து வீட்டில் யாரையாவது ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி அதையும் காட்டுங்கள். பிசியோதெரபிஸ்ட்டுக்கு அந்த ஒரு போட்டோ ரொம்ப உதவும்.